கைக்கணினி கணக்குச் சொல்லித் தருமா?

மேடை அமைத்து, மாலை சூட்டி, ஏழை மாணவர் கையில் ஆளுக்கொரு கைக்கணினியை வைத்துப் படம் பிடித்துக்கொள்ளும் விழாக்கள் நாட்டில் பெருகிவிட்டன. டேப்லெட் என்றும் டேப் என்றும் மக்கள் வழங்கும் அந்தக் கண்ணாடிப் பலகையைப் பெற்றுக்கொண்ட பிள்ளை புன்னகைக்கிறான். கொடுத்தவர் அவனைவிட அதிகமாகப் புன்னகைக்கிறார். "இனிச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கல்வியில் வேற்றுமை இல்லை" என்று ஒலிபெருக்கி முழங்குகிறது. கூட்டம் கலைகிறது. மறுநாள் காலையில் கணக்கு வகுப்பு நடக்கிறது. அங்கே என்ன நிகழ்கிறது என்று காண, முதல் நாள் மேடையில் வீற்றிருந்தவர்களில் ஒருவரும் வருவதில்லை.

புதுமை என்றாலே முகம் சுளிப்பவர் என்று எம்மை எண்ணிவிட வேண்டா. நாம் கருவிக்குப் பகைவர் அல்லர். கைக்கணினி ஏழைப் பிள்ளைக்குக் கணக்கில் கைகொடுத்த இடங்கள் உண்டு. கைவிட்ட இடங்களும் உண்டு. இவ்விரண்டையும் பிரிப்பது கருவியின் விலையும் அன்று, அதன் பளபளப்பும் அன்று. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடம் தொடங்கியதா? அவனுக்குப் பொறுப்பேற்ற ஒருவர் அருகில் இருந்தாரா? இவ்விரண்டு வினாக்களே பிரிக்கின்றன. இவற்றுக்கு விடை சொல்லாமல் கருவியை மட்டும் கொடுப்பவர் கல்வியைக் கொடுக்கவில்லை; கல்வி கொடுத்தவர் என்னும் பெயரை வாங்கிக்கொள்கிறார்.

நோய் இன்னதென்று முதலில் தெளிவோம். நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று சோதித்து வெளியிடப்படும் 'ஏசர்' அறிக்கையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 8ஆம் வகுப்பில் படிக்கும் நூறு பேரில் ஏறத்தாழ 45 பேருக்கே மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்திருந்தது. 2024ஆம் ஆண்டு அறிக்கையிலும் அந்த எண் 46ஐத் தாண்டவில்லை. 5ஆம் வகுப்பிற்குள் முடிந்திருக்க வேண்டிய கணக்கு அது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதைக் கல்லாமலேயே மூன்று வகுப்புகளைக் கடந்து வந்திருக்கிறார்கள். ஆனால் 8ஆம் வகுப்பின் பாடநூலோ விகிதமுறு எண்களைப் பற்றியும் இயற்கணிதக் கோவைகளைப் பற்றியும் பேசுகிறது. பிள்ளை ஓரிடத்தில் நிற்கிறான். நூல் வேறோரிடத்தில் நின்று அவனை அழைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். 618ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால், 13 என்று எழுதும் பிள்ளைகளைக் காணாத ஆசிரியர் இருக்க முடியாது. ஆறில் ஆறு ஒருமுறை, ஒன்றில் ஆறு போகாது, ஆகவே எட்டையும் இறக்கிப் பதினெட்டில் மூன்று முறை, விடை 13. அவனுக்கு வாய்பாடு தெரியும். வகுக்கும் முறையும் ஏறக்குறையத் தெரியும். தெரியாதது ஒன்றே: ஒன்றில் ஆறு போகாதபோது அந்த இடத்தில் ஒரு பூச்சியம் நிற்க வேண்டும் என்பது. அதாவது, அவன் பிழை வகுத்தலில் இல்லை; 2ஆம் வகுப்பிலும் 3ஆம் வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கப்படும் இடமதிப்பில் இருக்கிறது. "தவறு, மீண்டும் முயல்க" என்று திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றினால் அவன் என்ன செய்வான்? மீண்டும் முயல்வான், மீண்டும் 13 என்றே எழுதுவான். "தம்பி, இந்த விடையை ஆறால் பெருக்கிப் பார், 618 வருகிறதா?" என்று கேட்கும் ஒருவர் அருகில் இருந்தால், 78 என்று கண்டு திகைப்பான். அந்தத் திகைப்பிலிருந்துதான் கணிதம் தொடங்குகிறது.

அரபு கற்றோர்க்கு இது புதிய செய்தி அன்று. உலகமெல்லாம் 'அல்ஜீப்ரா' என்று வழங்கும் சொல், ஏறத்தாழ கி.பி. 820இல் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரில் உள்ள 'அல் ஜப்ர்' என்பதன் திரிபே. ஜப்ர் என்றால் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுதல் என்பது பொருள். கழித்தலால் குறைபட்டு நிற்கும் உறுப்பைச் சமன்பாட்டின் இரு பக்கமும் கூட்டி நிறைவாக்கும் செயலுக்கு அப்பேரறிஞர் அந்தச் சொல்லைக் கையாண்டார். அரபியர் ஆண்ட ஸ்பெயின் நாட்டில் 'அல்கெப்ரிஸ்தா' என்னும் சொல் எலும்பு கட்டும் வைத்தியரைக் குறித்து நெடுநாள் வழங்கியது. எலும்பு கட்டுபவர் முதலில் என்ன செய்கிறார்? முறிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கிறார். கண்ட பிறகே கட்டுப் போடுகிறார். முழங்கையில் முறிந்தவனுக்குக் கணுக்காலில் பட்டுத்துணியால் கட்டுப் போடுபவரை வைத்தியர் என்று எவர் சொல்வார்?

இந்த உரைகல்லில் நம் அண்டை மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றை உரைத்துப் பார்ப்போம். ஆந்திரப் பிரதேசத்தில் 2022 டிசம்பர் 21 அன்று, அன்றைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி அவர்கள், அரசுப் பள்ளிகளின் 8ஆம் வகுப்பு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கைக்கணினிகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அவற்றில் பைஜூஸ் என்னும் தனியார் நிறுவனத்தின் பாடங்கள் காணொளிகளாக ஏற்றப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டும் அதே நாளில் அடுத்த தொகுதி மாணவர்க்கு வழங்கப்பட்டது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பணம் கட்டிப் பார்க்கும் பாடங்கள் ஏழைக்கு இலவசமாகக் கிடைத்தன என்பது பெருமையாகப் பேசப்பட்டது. நோக்கம் நன்று, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு விகிதமுறு எண்களைப் பற்றிய அழகிய காணொளியால் விளைவது என்ன? வகுப்பறையில் விளங்காதது திரையிலும் விளங்காது. வண்ணத்தோடு விளங்காது, அவ்வளவே.

இன்னொன்றையும் எண்ணுக. ஒரு காலத்தில் 22 நூறு கோடி டாலர் மதிப்புடையதாகப் பேசப்பட்ட அந்நிறுவனம், 2024 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தால் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட்டது. அதற்கு முந்தைய மாதமே அம்மாநிலத்தில் ஆட்சியும் மாறியிருந்தது. நிறுவனங்கள் எழும், விழும். ஆட்சிகள் வரும், போகும். அது உலக இயல்பு. ஏழைப் பிள்ளையின் கணக்கை அந்த ஏற்ற இறக்கங்களோடு கட்டி வைப்பதுதான் தகுமா என்று கேட்கிறோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணற்க. பணமும் பொறியியலும் மிகுந்த அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளிகளில், 2013இல், மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஐபேட் வழங்கும் பெருந்திட்டம் தொடங்கிற்று. அந்நகரின் அரசுப் பள்ளிகளில் பயில்வோரில் பெரும்பாலோர் வறிய குடும்பத்தினர். இணைய வசதிகளையும் சேர்த்து அதன் மதிப்பீடு 130 கோடி டாலர். கருவி கைக்கு வந்தபோது அதில் இருக்க வேண்டிய பாடங்கள் முழுமை பெற்றிருக்கவில்லை. மாணவர் சில நாட்களிலேயே அதன் காவலைத் தாண்டிப் பாடமல்லாத பக்கங்களுக்குச் சென்றனர். 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் கல்வித் தலைவர் பதவி விலகினார். தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலோ, பிள்ளைக்கொரு மடிக்கணினி என்னும் திட்டத்தில் லட்சக்கணக்கான கருவிகள் சிற்றூர்களுக்குச் சென்றன. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை என்று கூறியது. கணினி வந்தது மெய். கணிதம் வரவில்லை என்பதும் மெய்.

"எனில், பயன்பட்ட இடமே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. அவற்றை மறைப்பது நேர்மை அன்று. மேலும் நம் வாதத்துக்கு வலிமை அங்கேதான் இருக்கிறது.

தில்லியில், வறியோர் வாழும் பகுதிகளில், 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் கணினிவழிக் கற்பித்தல் நிலையங்கள் நடந்தன. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவர், 619 மாணவர்களைக் கொண்டு, எவர் நிலையத்துக்குச் செல்வது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்து ஆராய்ந்தனர். 2019இல் அவ்வாய்வு வெளிவந்தது. நாலரை மாதத்தில், நிலையத்துக்குச் சென்ற பிள்ளைகள் கணிதத்தில் மற்றவரைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தனர். இதைக் கேட்ட மாத்திரத்தில் "பார்த்தீர்களா, கணினி வென்றது!" என்று கைதட்டுகிறார்கள். கைதட்டுமுன் அங்கே நடந்ததை முழுமையாகக் கேட்க வேண்டாவா?

அங்கே வந்த 6ஆம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தான். 9ஆம் வகுப்புப் பிள்ளை நாலரை வகுப்பு. அந்தக் கணினி முதல் வேலையாக அவனைச் சோதித்து, அவன் உண்மையில் எந்த வகுப்பின் கணக்கில் நிற்கிறான் என்று கண்டது. 9ஆம் வகுப்பில் இருந்தாலும், 4ஆம் வகுப்புக் கணக்கில் நின்றால் அங்கிருந்தே தொடங்கிற்று. ஒவ்வொரு நாளும் 45 நிமிடம் கணினி. 45 நிமிடம், பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கற்பிப்பவர். வாரத்தில் ஆறு நாள். இவையெல்லாம் பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்தவை. அங்கே இருந்தவை கைக்கணினிகளும் அல்ல, மேசைக்கணினிகள். ஆகவே வென்றது எது? முறிவு கண்டு கட்டிய முறை. அந்த முறைக்குக் கணினி ஏவல் செய்தது. அவ்வளவே அதன் புகழ்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. விழா மேடைகளில் எவரும் எடுத்துரைக்காதது அது. அப்பிள்ளைகள் அடிப்படைக் கணக்கில் முன்னேறியும், பள்ளியின் கணிதத் தேர்வில் அவர்களுக்கு மதிப்பெண் கூடவில்லை. ஏனெனில் தேர்வு கேட்டது அவர்களின் வகுப்புக் கணக்கை; அவர்கள் முன்னேறியதோ அதற்குக் கீழ்ப்படிகளில். அடித்தளத்தில் கல் அடுக்குபவனிடம் மாடியைக் காட்டு என்று கேட்கும் தேர்வு அது. இதை அறியாத பெற்றோர், ஆறு மாதத்தில் மதிப்பெண் உயரவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்வர். அறிந்த பெற்றோரோ பொறுத்திருப்பர்.

குஜராத்தில் நடந்ததும் கருதத்தக்கது. பொருளியல் அறிஞர் லீ லிண்டன் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வறிய பிள்ளைகளுக்கான கணினிவழிக் கணிதப் பயிற்சி இரு வகையாக நடத்தப்பட்டது. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் மற்றவரைவிடப் பின்தங்கினர். வகுப்புக்கு வெளியே கூடுதல் நேரமாகக் கொடுத்த இடத்தில் முன்னேறினர். கணினி ஆசிரியருக்குத் துணையாக வந்தால் ஊதியம். ஆசிரியரின் நாற்காலியில் அமர்ந்தால் இழப்பு. இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டுமா?

"ஆசிரியரே இல்லாத ஊரில் என்ன செய்வது?" என்பது நேர்மையான வினா. தான்சானியாவின் தாங்கா பகுதியில், பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளிடம் கைக்கணினிகளைக் கொடுத்துப் பார்த்தனர். எழுத்தும் எண்ணும் கற்பித்த மென்பொருள்களுக்கிடையே நடந்த அந்த உலகப் போட்டியில், 2019இல் இரண்டு குழுவினர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பிள்ளைகள் ஓரளவு கற்றனர் என்பது உண்மை. ஆனால் அங்கும் பாடம் அவர்கள் பேசும் சுவாஹிலி மொழியில் இருந்தது; ஒன்று, இரண்டு என்னும் முதற்படியிலிருந்து தொடங்கிற்று; சிற்றூர்தோறும் சூரிய ஒளியால் மின்னேற்றும் வசதியும், அதைக் கவனிக்க ஊர்த் தாய் ஒருவரும் இருந்தனர். ஒன்றும் இல்லாத இடத்தில் அது ஓர் ஆறுதல். ஆயின், ஆசிரியர் பணியிடத்தை நிரப்ப வேண்டிய அரசு, நிரப்பாமல் விட்டுவிட்டு அந்த ஆறுதலைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இடம் தரலாகாது.

ஆளுக்கொரு பாடம் என்னும் இம்முறையை, ஏதோ இயந்திர யுகத்தின் கண்டுபிடிப்பு என்று சிலர் வியக்கிறார்கள். நம் மக்தபில் ஓதியவர்க்கு இதில் வியப்பென்ன? கைக்கணினியை இன்றைய அரபியர் 'லவ்ஹு', அதாவது பலகை, என்னும் சொல்லைக் கொண்டே குறிக்கின்றனர். அந்தப் பலகை நமக்குப் பழையது. ஓர் அறையில் முப்பது பிள்ளைகள். ஒருவன் எழுத்துக் கூட்டுவான், இன்னொருவன் பத்துப் பக்கம் தாண்டியிருப்பான். ஒவ்வொருவனும் உஸ்தாதின் முன் வந்து தன் சபக்கை ஒப்பிக்க வேண்டும். முந்திய சபக் பிழையறத் தேறாமல் அடுத்தது கொடுக்கப்படுவதில்லை. அவனுக்கு வயது என்ன, எந்த ஆண்டு சேர்ந்தான் என்று அங்கே கேட்பதில்லை. எங்கே நிற்கிறான் என்றே கேட்பார்கள். தமிழ்நாட்டு அரசும் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் அறிந்ததன் அளவால் பிரித்துக் கற்பிக்க முற்பட்டது. நிலையறிந்து கற்பித்தல் என்னும் கொள்கைக்குக் கண்ணாடிப் பலகை கட்டாயம் அன்று என்பதற்கு இவை சான்று.

இனி, "செல்வர் பிள்ளைக்கு இருக்கும் கருவி ஏழைக்கு வேண்டாவா?" என்று கண்ணீர் மல்கக் கேட்பவர்க்கு ஒரு மறுமொழி. செல்வர் பிள்ளையிடம் கைக்கணினி மட்டுமா இருக்கிறது? மாலையில் தனிப்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார். பிழையைக் கண்டு சொல்லப் படித்த தாய் இருக்கிறார். அமைதியாக அமர ஓர் அறை இருக்கிறது. இத்தனைக்கும் மேல் கைக்கணினியும் இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கோ நாம் அந்தக் கடைசி ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, எல்லாம் கொடுத்தாயிற்று என்கிறோம். ஓர் அறையில் ஐவர் வாழும் வீட்டில், அக்கருவியை அண்ணன் எடுத்துப் படம் பார்ப்பான். தங்கையின் முறை வரும்போது மின்னேற்றம் தீர்ந்திருக்கும். சமத்துவம் பொருளில் இல்லை, அன்பர்களே. பிள்ளையைக் கவனிக்கும் கண்களில் இருக்கிறது.

இக்கட்டுரையைப் படிக்கும் நம் குடும்பங்களில் ஈகைக் குணம் படைத்தோர் பலர். ஊர்ப் பள்ளிக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி கேட்போரும் உளர். அவர்கள் முன் ஓர் எளிய கணக்கை வைக்கிறோம். ஒரு கைக்கணினி 10,000 ரூபாய் என்று கொள்வோம். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்கினால் 4 லட்சம் ரூபாய். பத்து மட்டும் வாங்கிப் பள்ளியிலேயே வைத்து, நான்கு குழுவாக முறை வைத்துப் பயன்படுத்தினால் 1 லட்சம். மீதி 3 லட்சத்தில், மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர்க்கு மாதம் 10,000 வீதம் முப்பது மாதம் ஊதியம் தரலாம். முன்னதில் நாற்பது படங்கள் கிடைக்கும். பின்னதில் நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டரை ஆண்டு ஒரு மனிதர் கிடைப்பார். எது அறம்?

கருவியைக் கொடுத்தே தீருவோம் என்போரிடம் பின்வருமாறு கேளுங்கள். இது பிள்ளையின் நிலையைச் சோதித்தறிந்து தொடங்குமா, அல்லது வகுப்புப் பாடத்தையே திரும்பச் சொல்லுமா? தமிழில் பேசுமா? இணையம் இல்லாதபோது இயங்குமா? பழுதானால் எவர் சீர்செய்வார்? பிள்ளை எங்கே தடுமாறினான் என்பதை ஆசிரியர்க்குத் தெரிவிக்குமா? அதைப் பார்த்துச் செயற்பட அவ்வாசிரியர்க்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? ஓராண்டு கழித்து, முதல் நாள் வகுக்கத் தெரியாதிருந்தவர்களில் எத்தனை பேர் வகுக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வீர்களா? இவற்றுக்கு விடை இருக்குமாயின் தயங்காமல் வாங்குங்கள், நாமும் வாழ்த்துவோம். விடை இல்லையெனில், அந்தப் பணத்துக்குக் கரும்பலகையும் கணக்குத் தெரிந்த ஓர் ஆளும் போதும்.

618ஐ 6ஆல் வகுத்து 13 என்று எழுதிய பிள்ளை இன்றும் ஏதோ ஒரு பள்ளியின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். தான் மண்டு என்று அவன் நம்பத் தொடங்கியிருக்கிறான். அவனிடம் இல்லாதது அறிவு அன்று, ஒரு பூச்சியம். அந்தப் பூச்சியம் விழுந்த இடத்தைத் தேடிக் கண்டு, எடுத்து, உரிய இடத்தில் வைக்க ஒருவர் வேண்டும். வருகின்றவர் கையில் கைக்கணினி இருந்தாலும் நன்று, சுண்ணக்கட்டி இருந்தாலும் நன்று. வர வேண்டும்; அதுதான் வேண்டும்.